மூத்தார் பெயரில் ஒரு நெஞ்சு

படிவத்தின் முதல் பக்கத்தில் ஆறு கேள்விகள். என் வீட்டுக்காரர் ஐந்துக்கு மளமளவென்று ‘இல்லை’ என்று குறித்துவிட்டு ஆறாவதில் பேனாவை நிறுத்தினார். கடந்த பத்து வருடங்களில் இதயம் சம்பந்தப்பட்ட நோயோ சிகிச்சையோ உண்டா என்பது கேள்வி. நான்தான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். வெளியே இருப்பது கார் நிறுத்துமிடம். அதில் பார்ப்பதற்கு ஒரு மண்ணும் கிடையாது.

“இதுக்கும் இல்லன்னே போட்டுடவா?” என்றார்.

பத்து மணி நேரம் நின்றுவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “நெஞ்சுக்குள்ள ரெண்டு ஸ்டென்ட்ட வச்சுக்கிட்டு இல்லன்னு போடுங்க. முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கறதுக்கு உங்க வீட்டு ஆளுங்களுக்குச் சொல்லியா தரணும்” என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். மனுஷன் வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. மூன்று வருடம் பிரிந்திருந்துவிட்டு வந்த புருஷனிடம் ஒன்பதாம் நாளே எரிந்து விழுகிறோமே என்று எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் எழுந்துபோய் ஒரு டீ போடத் தெம்பில்லை. அவரே போட்டு எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தார்.

விஷயம் இதுதான். நான் ஒரு சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்பும் இடம். இரண்டு வருடம் தாக்குப்பிடித்தால் நிரந்தரமாக்குவார்கள். நிரந்தரமானால் மருத்துவ இன்சூரன்ஸ் உண்டு. புருஷனோ பெண்டாட்டியோ வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தால், வந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் அவர்களையும் அதில் சேர்த்துவிடலாம். முப்பத்தோராம் நாள் போய் நின்றால் அடுத்த வருடம் வாருங்கள் என்பார்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் படியேறினால், நோய் விட்டாலும் பில் விடாது. நல்ல உடம்புக்காரர் என்றால் ஒரு வருடம்தானே என்று ஓட்டிவிடலாம். இவர் நெஞ்சை நம்பி அப்படி இருக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

அப்படியானால் உண்மையைக் குறித்துவிட்டுப் போகவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். குறிக்கலாம். குறித்தால் ஆஸ்பத்திரிப் பேப்பர் கேட்பார்கள். பேப்பர் இருக்கிறது, கத்தையாக இருக்கிறது. எல்லாம் என் மூத்தார் பெயரில் இருக்கிறது.

இவர் ஊரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் கடையிலேயே வியர்த்துக் கொட்டி, இடது கை மரத்துப்போய், உட்கார்ந்த வாக்கில் சரிந்துவிட்டார். அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடியவர் இவருடைய அண்ணன். மூத்தார் ஒரு பஸ் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கம்பெனி இன்சூரன்ஸ் அவருக்கும் ஓரகத்திக்கும் அவர்களுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் உண்டு. தம்பிக்குக் கிடையாது. ஆஸ்பத்திரி கவுண்டரில் நோயாளி பெயர் என்ன என்று கேட்டார்கள். மூத்தார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து தன் கார்டை எடுத்து நீட்டித் தன் பெயரைச் சொல்லிவிட்டார். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே மூக்கு, ஒரே வழுக்கை, ஒரே மீசை. படுத்துக் கிடப்பவரையும் ஃபோட்டோவையும் யார் ஒத்துப்பார்த்தார்கள்.

இதை இங்கே யாரிடமாவது சொன்னால் வாயைப் பிளப்பார்கள். எங்கள் வீட்டில் பெயர் கொடுப்பது கைமாற்றாகச் சர்க்கரை கொடுப்பது மாதிரி. கேஸ் இணைப்பு மாமியார் பெயரில். என் செல்போன் நம்பர் மூத்தார் பெயரில். இவர் ஓட்டிய வண்டி, செத்துப் பதினோரு வருடமான மாமனார் பெயரில். யார் பெயருக்குச் சலுகை இருக்கிறதோ அவர் பெயரில் வாங்கிக்கொள்ள வேண்டியது. இதெல்லாம் பொய்க் கணக்கில் வரும் என்று நாங்கள் யாரும் நினைத்ததே இல்லை.

மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டு இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். தழும்புகூட இல்லை. உயிரோடு வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு மூத்தார் காலில் விழுந்தேன். “அட, எழுந்திரும்மா, என் பேரு என்ன தேஞ்சா போச்சு” என்றார்.

அதற்கப்புறம்தான் கூத்து. மூத்தார் பத்து நாள் லீவு போட்டு வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார். திரும்பிப் போனபோது கம்பெனியே அவரைத் தாங்கியது. கனம் தூக்கக் கூடாது என்று ஸ்டோரிலிருந்து எடுத்து, கேட்டுக்குப் பக்கத்தில் பஸ் வரும் நேரம் போகும் நேரம் எழுதும் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். யாராவது ஸ்வீட் கொண்டுவந்தால் டப்பா அவரை மட்டும் தாண்டிப் போகும். சாருக்கு ஆகாது என்பார்கள். கல்லு மாதிரி இருந்த மனுஷன், மாடிப்படியில் நாலு படிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கப் பழகிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து அதை நடித்துக் காட்டுவார். ஓரகத்தி வேண்டாம் என்று தடுப்பாள், இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். நானும்தான் சிரித்தேன்.

மாதா மாதம் கம்பெனி மருந்துக்கடையில் மூத்தார் பெயருக்கு மாத்திரை கொடுப்பார்கள். அதை அப்படியே கொண்டுவந்து இவரிடம் தருவார். வருடத்துக்கு ஒரு முறை செக்கப் என்று கடிதம் வரும். அதற்கு இவர் மூத்தார் கார்டை எடுத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டு வருவார். இப்படியே ஆறு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

விசாவுக்கு எடுத்த சோதனையில் நுரையீரலையும் ரத்தத்தையும்தான் பார்த்தார்கள். நெஞ்சைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. ஐந்து மாதத்துக்கு மாத்திரையைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு இவர் வந்து இறங்கிவிட்டார். கேட்ட முதல் ஆள் இந்தப் படிவம்தான்.

சலவைக்கூடத்தில் என்னோடு ரோலரில் நிற்பவளுக்கு ரூல்ஸ் அக்கா என்று பெயர் வைத்திருக்கிறோம். ஈரம் பிழிந்த விரிப்பின் இரண்டு முனையை அவளும் இரண்டு முனையை நானும் பிடித்து உதறி, சூடான உருளைக்குள் சுருக்கமில்லாமல் விடவேண்டும். ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரத்துக்கு மேல் போகும். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தபடி நிற்பதால் பேச்சுக்குக் குறைவில்லை. அவள் வந்து பதினாலு வருடமாகிறது. லீவு, விசா, வரி, வாடகை, எந்தச் சட்டத்தைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்லுவாள். அவளிடம் பட்டும் படாமலும் விஷயத்தைச் சொன்னேன்.

முனையை விடாமல் என்னையே பார்த்தாள். “இல்லன்னு மட்டும் போட்டுடாத. நாளைக்கு ஒரு வலின்னு போய்ப் படுத்தா மொதல் படத்துலயே ஸ்டென்ட் தெரிஞ்சிடும். அவரு பேரு மட்டும் இல்ல, உன் பேரையும் சேத்து அடிச்சிடுவாங்க.”

உண்டு என்று போட்டுப் பேப்பர் வைத்தால்? ஒரு வருடத்துக்கு நெஞ்சுக்கு மட்டும் பாதிதான் கொடுப்பார்கள், மற்ற எல்லாவற்றுக்கும் முதல் நாளிலிருந்தே முழுசாக உண்டு, வருடம் முடிந்தால் நெஞ்சுக்கும் முழுசாக உண்டு என்றாள். இங்கேயே ஒரு டாக்டரிடம் காட்டி, உள்ளே இருப்பதைப் படம் எடுத்து எழுதி வாங்கினால் என்ன என்று கேட்டேன். கேட்டுப் பார் என்றாள். மதிய இடைவேளையில் மூன்று இடத்துக்குப் போன் போட்டேன். இருப்பதிலேயே சீக்கிரமான தேதி ஏழு வாரம் கழித்து. அதற்குள் முப்பது நாள் போயே போய்விடும்.

படிவங்களை வாங்குபவள் கண்ணாடி ரூம் அம்மா. தேய்க்கும் பகுதிக்கு மேலே, படியேறிப் போனால் கண்ணாடிச் சுவர் வைத்த ஓர் அறை. கீழே நாங்கள் நாற்பது டிகிரியில் வெந்துகொண்டிருக்க, அவள் மேலே தோளில் சால்வை போட்டு உட்கார்ந்திருப்பாள். கெட்டவள் இல்லை. நம்மூர் ஆளும் இல்லை. முதல் பக்கத்தை நிரப்பி, பேப்பர்களோடு புருஷனையும் கூட்டிக்கொண்டு வா, மீதியை நானே கேட்டு எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தாள். இருபத்தொன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு நேரம் குறித்துக் கொடுத்தாள்.

ஆக எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மூத்தார் அந்த ஃபைலைக் கொடுத்து, கூடவே ஒரு கடிதம் எழுதவேண்டும். அன்றைக்கு என் பெயரில் படுத்தது என் தம்பி, சிகிச்சை அவனுக்குத்தான் நடந்தது என்று நாலு வரி. பதினாறாம் நாள் போனில் கேட்டேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கையால் வேண்டாம் வேண்டாம் என்று சைகை காட்டிக்கொண்டே இருந்தார்.

மூத்தார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தப் பேப்பர் இன்னொருத்தர் படிவத்தில் போனால் இங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்பார்கள், ஆஸ்பத்திரி இன்சூரன்ஸுக்கு எழுதும், இன்சூரன்ஸ்காரர்கள் பஸ் கம்பெனிக்கு எழுதுவார்கள், அன்றைக்கே வேலை போகும், முப்பத்திரண்டு வருட சர்வீஸுக்கு வரவேண்டியதும் சேர்ந்து போகும் என்று பொறுமையாகச் சொன்னார். ரிட்டயராக இன்னும் பதினாலு மாதம். அதுவரைக்கும் தம்பியை எப்படியாவது ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள் என்றார். எனக்குப் புரியத்தான் செய்தது. புரிந்து என்ன செய்ய, நாள் போய்க்கொண்டிருந்தது.

வீட்டில் இவர் ஒரு பக்கம் உயிரை வாங்கினார். மூன்றாவது மாடியில் ஒற்றை அறை, மூலையில் ஒரு அடுப்பு, இரண்டு ஜன்னலில் ஒன்று திறக்காது. காலையில் நான் போனதிலிருந்து மாலை வரும்வரைக்கும் அதற்குள் ஓர் ஆள் என்னதான் செய்வார். பக்கத்து அறைக்காரர்களின் ஃபேன், மிக்ஸி, ஹீட்டர் எல்லாவற்றையும் வாங்கிப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். நான் பேச்சை எடுத்தாலே, “அண்ணன் எனக்கு உசுரு குடுத்தவரு. அவரப் போய்க் காட்டிக் குடுக்கச் சொல்றியா” என்பார். எனக்கு ஒன்றும் வராது, நான் ஜாக்கிரதையாக இருக்கிறேன் என்பார். என்னமோ மாரடைப்பு வாசலில் வந்து அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி. அவர் மாடிப்படி ஏறிவரும் சத்தத்தில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் கொஞ்சம் தாமதமானால் கையில் இருப்பதை வைத்துவிட்டுக் கதவருகே போய் நின்று படிகளை எண்ணுவேன். அது அவருக்கு எங்கே தெரியப்போகிறது.

பத்தொன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் இவர் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து மூத்தாருக்கு மறுபடி போன் போட்டேன். ஒரு வாரமாக டபுள் ஷிஃப்ட், கால் இரண்டும் வீங்கியிருந்தது. நான் நல்ல மனநிலையில் இல்லை, அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். போனை எடுத்தவர் பேசும்போது மூச்சு வாங்கியது. ஒரு சொல் சொல்வார், நிறுத்துவார், அடுத்த சொல் சொல்வார். மாமா, பத்து நாள்தான் இருக்கிறது என்றேன். “கொஞ்சம்... பொறும்மா” என்றார். உங்கள் வேலை பெரிதா, உங்கள் தம்பி உயிர் பெரிதா என்றேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. “ஆபீஸ்ல நடிக்கற மாதிரி எங்கிட்டயும் மூச்சு வாங்கிக் காட்டாதீங்க மாமா” என்றேன்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் மூத்தாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவள் இல்லை நான். அவர், “சரிம்மா. வச்சிடறேன்” என்று வைத்துவிட்டார். இவர் கடையிலிருந்து வந்ததும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். இவர் அன்று சாப்பிடவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை.

இருபத்தைந்தாம் நாள், மதியச் சாப்பாட்டு மணி அடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தேன். ஓரகத்தி கூப்பிட்டாள். அவள் எப்போதும் இவர் போனுக்குத்தான் பேசுவாள். எடுத்ததும், “நீ மட்டும்தான இருக்க? அவரு பக்கத்துல இல்லல்ல?” என்று கேட்டாள். குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

காலையில் கேட் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே மூத்தாருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. கூட இருந்தவர்கள் யாரும் அதிர்ச்சியாகக்கூட இல்லையாம். சார்தான் ஏற்கெனவே ஹார்ட் பேஷன்ட் ஆயிற்றே என்று உடனே ஜீப்பை எடுத்திருக்கிறார்கள். மூத்தார்தான் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன், மாத்திரை வீட்டில் இருக்கிறது, வீட்டில் விட்டால் போதும் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார். வீட்டில் வந்து படுத்துக்கொண்டார். அங்கே எந்த மாத்திரையும் கிடையாது, அவர் என்றைக்கு மாத்திரை போட்டார். ஓரகத்தி கெஞ்சியிருக்கிறாள், பிள்ளைகள் கெஞ்சியிருக்கிறார்கள்.

“போனா படம் எடுப்பான், எடுத்தா ஸ்டென்ட் எங்கன்னு கேப்பான்னாரு. வேற ஆஸ்பத்திரிக்காவது போலாம்னேன். நாளைக்குப் பாக்கலாம்னு திரும்பிப் படுத்தாரு. அவ்வளவுதான்.”

இரண்டு மாதமாகவே வலி இருந்ததாம். செக்கப் கடிதம் வந்ததை எடுத்து மேஜைக்குள் போட்டுவிட்டாராம், தன் பெயரில் போகத் தம்பி ஊரில் இல்லையே. ஓரகத்தி அழவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறாள் போல. “உன் வீட்டுக்காரருகிட்ட நேரா சொல்ல எனக்குப் பயமா இருந்துது. அவருக்கும் நெஞ்சு. பதமா சொல்லு” என்றாள்.

ரூல்ஸ் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பஸ் பிடித்தேன். அந்த நாற்பது நிமிடத்தில் நான் நினைத்ததைச் சொன்னால் காறித் துப்புவீர்கள். மூத்தாரை நினைத்து அழுதேனா என்றால் இல்லை. இதைக் கேட்டு இவருக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வது, இன்னும் பெயர் சேர்க்கவில்லையே, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் யார் கட்டுவது, நாலு நாள் கழித்துச் சொன்னால் என்ன என்றுதான் மாற்றி மாற்றி யோசித்தேன். இன்சூரன்ஸ் சேர்ந்த பிறகு சாவைச் சொல்லலாமா என்று கணக்குப் போட்டேன். இறங்கும் இடம் வந்தபோது என்மேலேயே எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

இவர் தரையில் பேப்பர் விரித்து யாருடைய ஃபேனையோ பிரித்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் நேரத்தைப் பார்த்தார். மாத்திரை போட்டீர்களா என்று கேட்டேன். காலையிலேயே போட்டாயிற்று என்றார். எழுந்து கட்டிலில் உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். அதை வாங்காமல், “யாரு?” என்றார்.

சொன்னேன். அவர் அழவில்லை. கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். எங்கேயும் போகவில்லை என்றேன். ஏன் போகவில்லை என்றார். நான் தண்ணீரை எடுத்து நீட்டினேன். மறுபடியும் கேட்டார். சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது, சொன்னேன். அப்போது அவர் வலது கை தானாக மேலே போய்த் தன் மார்பின் இடது பக்கத்தைப் பொத்திக்கொண்டது. வலிக்கிறதா என்று கத்தினேன். இல்லை என்று தலையாட்டினார். கையை மட்டும் எடுக்கவே இல்லை. பிறகு, அன்றைக்கு அண்ணனுக்கு மூச்சு வாங்கியது என்று நீ சொன்னாயே என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. நான் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவர் என் தலையில் கைவைக்கவும் இல்லை, தள்ளிவிடவும் இல்லை.

ஊருக்குப் போகவும் வழியில்லை. இவர் பாஸ்போர்ட் குடியிருப்பு அட்டைக்காக அலுவலகத்தில் கிடந்தது. அண்ணன் காரியம் எல்லாவற்றையும் செல்போனில் பார்த்தார். பார்த்து முடித்ததும் அந்த ஃபேனை எடுத்துப் பூட்டி, ஓடுகிறதா என்று பார்த்து, பக்கத்து அறையில் கொடுத்துவிட்டு வந்தார்.

இன்சூரன்ஸ் பேச்சை நான் எடுக்கவில்லை. எடுக்க எனக்கு வாயில்லை. இருபத்தெட்டாம் நாள் ஓரகத்தியே ஃபைல் முழுவதையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். பதறிப்போய்க் கூப்பிட்டேன். அக்கா, இது வெளியே போனால் உங்களுக்கு வரவேண்டிய பணத்தை நிறுத்திவிடுவார்கள் என்றேன்.

“நிறுத்தட்டும். இந்த ஃபைலுக்குப் பயந்துதான் அவரு போய்ச் சேந்தாரு. அதப் பூட்டி வச்சு நான் என்ன பண்ண? அவருக்குத்தான் ஒதவல, அவரு தம்பிக்காவது ஒதவட்டும்” என்றாள்.

ரூல்ஸ் அக்காவிடம் சொன்னேன். அடுத்தவர் பெயரில் இருக்கும் பேப்பரைப் பார்த்து, இது மோசடிக் கேஸ் என்று மொத்தமாகத் தள்ளினாலும் தள்ளிவிடுவார்கள், எதற்கும் தயாராகப் போங்கள் என்றாள். இவரிடம் சொன்னேன். தள்ளினால் தள்ளட்டும் என்றார். பேனாவை எடுத்து ஆறாவது கேள்விக்கு நேரே ‘உண்டு’ என்று அவரே குறித்தார்.

மறுநாள் பத்து மணிக்குக் கண்ணாடி ரூமில் உட்கார்ந்தோம். கீழே ரோலர் ஓடும் அதிர்வு நாற்காலியில் தெரிந்தது. அவள் முதல் பக்கத்தைப் பார்த்தாள். பேப்பர் இருக்கிறதா என்றாள். கட்டை மேஜைமேல் வைத்தேன். அதைத் திறக்காமல் ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அவள் கேட்டதை நான் இவருக்குச் சொன்னேன், இவர் சொன்னதை அவளுக்குச் சொன்னேன். புகைபிடிப்பதுண்டா, இல்லை. அப்பா எதனால் இறந்தார், முதுமை. கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், ஒருவர், அண்ணன். உயிரோடு இருக்கிறாரா?

இவர் என்னைப் பார்த்தார். இல்லை என்று நானே சொல்லிவிட்டேன். எப்போது என்றாள். நாலு நாள் ஆகிறது என்றதும் பேனாவை வைத்துவிட்டு, வருத்தம் தெரிவித்தாள். உண்மையாகவே வருந்தினாள் என்றுதான் நினைக்கிறேன். வேண்டுமானால் மிச்சத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றாள். நாளைதான் கடைசி நாள், இன்றைக்கே முடித்துவிடலாம் என்றேன். வயது, ஐம்பத்தாறு. காரணம், நெஞ்சுவலி. அண்ணன் அந்த நோய்க்கு முன்பே சிகிச்சை எடுத்திருந்தாரா என்பது அடுத்த கேள்வி.

அதை மொழிபெயர்த்தேன். இவர் மேஜை ஓரத்தில் கிடந்த பேப்பர் கட்டைப் பார்த்தார். அவள் காத்திருந்து பார்த்துவிட்டு, பேப்பர் கட்டை இழுத்துப் பிரித்தாள். பெயரைப் பார்த்தாள். படிவத்தில் இருக்கும் பெயரைப் பார்த்தாள். இது அண்ணனுடைய பேப்பர் போலிருக்கிறதே, மாற்றிக் கொண்டுவந்துவிட்டீர்கள், இதில் இரண்டு ஸ்டென்ட் வைத்து ஆறு வருடம் மாத்திரை கொடுத்ததாக இருக்கிறதே, அப்படியானால் எடுத்திருக்கிறார் என்று எழுதட்டுமா என்றாள்.

“எடுக்கலன்னு சொல்லு. எங்கண்ணன் ஒரு மாத்திரைகூடப் போட்டதில்லன்னு சொல்லு. அந்தப் பேப்பர்ல இருக்கறது நான்னு சொல்லு” என்றார்.

நான் சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை. இரண்டாம் முறை சொன்னேன். இந்த முறை விளங்கியது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுதுவதை நிறுத்திவிட்டு, படிவத்தில் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்டாள். அவ்வளவு நல்ல இன்சூரன்ஸ் இருந்தும் உங்கள் அண்ணன் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை?

மூன்று வருடமாக இந்த மொழியில்தான் வேலை செய்கிறேன். அதற்கு வேண்டிய வார்த்தைகள் எல்லாம் எனக்குத் தெரியும். வாய்தான் வரவில்லை. என்ன கேட்கிறார்கள் என்று இவர் என்னிடம் கேட்டார். சொன்னேன்.

இவர் குனிந்து மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அவரு எடத்துல நான் படுத்துட்டேன்னு சொல்லு.”

நான் அப்படியே சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் கழித்து அதை எழுதிக்கொண்டாள்.